ஓமும் ஓரமும்

சென்ற மாதம் கண்டியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நான் வேலை செய்து ஓய்வு பெற்ற வாடகை வண்டி நிலையத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். பழைய பதிவேடுகளைக் கட்டிக்கொண்டிருந்த புதுப் பிள்ளை ஒருத்திக்கு ஒரு சந்தேகம்.

"அக்கா, இது உங்க கையெழுத்துதானே? எல்லா வரியிலயும் கடைசிக் கட்டத்துல 'கிர்'னு எழுதியிருக்கீங்க. கிர்னா என்னக்கா?"

"அதுக்கு முன்னால 'ஓரம்'னு எழுதியிருப்பேனே, பாத்தியா?"

"ஆமாக்கா. திடீர்னு ஒரு நாள்ல மாறியிருக்கு. அதுக்கு முந்தின நாள் ஒரு வரிய வெட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வேற எங்கயும் வெட்டே இல்ல."

இல்லைதான். என் பதிவேட்டில் வெட்டு இருக்காது. அதில் எனக்கு இருந்த பெருமையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு இன்று ஒவ்வொரு வண்டியும் திரையில் ஊரும் ஒரு புள்ளி. தொட்டால் சாரதியின் பெயர் வருகிறது, இன்னொரு முறை தொட்டால் அவர் பேசுகிறார். என் காலத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் காது மிக நல்ல காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா தேயிலை கவ்வாத்து வெட்டுபவர், அம்மா கொழுந்து எடுப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். உயர்தரம் சித்தியடைந்த அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் நான் நடந்த நடையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டதைப் போல நடந்தேன். தட்டச்சு ஆறு மாதம், சிங்களம் பேசிப் பழக ஒரு வருடம், பிறகு கண்டியில் வேலை. இருபத்தொரு வயதில் எனக்கென்று ஒரு மேசை, ஒரு சுழல் கதிரை, ஒரு தொலைபேசி.

அம்மாவிடம் வேலையை விளக்கினேன். யாராவது வண்டி கேட்பார்கள், எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு நான் சொல்லி அனுப்புவேன் என்றேன். அம்மா அதை மலையில் தன் கூட்டாளிகளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்: "எங்க புவனா கண்டியில ஏழு வண்டி ஓட்டுது."

எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. திருத்தவும் மனம் வரவில்லை.

நிலையத்தை நடத்தியவர் நல்லதம்பி ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மலைநாட்டு ரயில் பாதையில் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலை விட்டு வந்தாரே தவிர ரயில் அவரை விடவில்லை. எதைச் சொன்னாலும் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே இருந்த கடையில் தேநீர் கேட்கும்போதும் அப்படித்தான்.

"ஒரு பிளேன்டீ, சீனி அரைக் கரண்டி. திருப்பிச் சொல்லும்."

கடைக்காரர் திருப்பிச் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு கரண்டிதான் போடுவார் என்பது வேறு கதை.

அந்த வருடங்களில் கண்டியில் கைத்தொலைபேசி புதுசு. வைத்திருப்பவரைச் சனம் நின்று பார்க்கும். எங்கள் சாரதிமாருக்கு அதைச் சட்டைப் பையில், கொம்பு வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு திரிய ஆசை. ஐயா விடவில்லை. தொலைபேசியின் இடம் வண்டியின் முன் லாச்சி, அந்தச் சின்ன இழுப்பறைதான் என்றார். வண்டி ஓடும்போது லாச்சி பூட்டியிருக்க வேண்டும்.

"ஒற்றைத் தண்டவாளத்தில ஒரு நேரத்தில ஒரு ரயில்தான் போகலாம், பிள்ளை. மனுசன்ர மூளையும் ஒற்றைத் தண்டவாளம்தான். கதை உள்ள வந்தால் வீதி வெளியில நிக்கும். திருப்பிச் சொல்லும்."

திருப்பிச் சொன்னேன்.

முறை இதுதான். நான் அழைப்பேன், மூன்று முறை மணி அடித்ததும் வெட்டிவிடுவேன். சாரதி லாச்சியைத் தொடக் கூடாது. நல்ல இடம் வந்ததும் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, லாச்சியைத் திறந்து அவர் என்னை அழைக்க வேண்டும். நான் வண்டியின் இலக்கத்தை மட்டும் கேட்பேன்: "மூணு?" அவர் "ஓரம்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகே செய்தியைச் சொல்லலாம், விழாவிட்டால் வெட்டிவிட வேண்டும். வண்டி ஏற்கனவே எங்காவது நின்றுகொண்டிருந்தால் மட்டும் மணி அடிக்கும்போதே எடுக்கலாம். அப்போதும் முதல் சொல் "ஓரம்". பதிவேட்டில் நேரம், இலக்கம், இடம், கடைசிக் கட்டத்தில் "ஓரம்" என்று நான் எழுதுவேன்.

நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தவும் முடியாத காலம் அது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நகரத்துக்குள் வரும் வழிகளில் சோதனைச் சாவடிகள். அவற்றின் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வேன் ஒன்று காரணமில்லாமல் நின்றால் அதுவே சந்தேகம். பாலத்தில் நிற்கக் கூடாது, வளைவில் நிற்கக் கூடாது. ஆகவே ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை ரமீஸ் நானாவின் வண்டியில் ஏறி, ஒவ்வொரு வீதியாகப் போய், நிற்கக்கூடிய இடங்களைப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார். ரமீஸ் நானா அக்குறணைக்காரர், எங்கள் சாரதிகளில் மூத்தவர், வாய் ஓயாதவர்.

"தங்கச்சி, இந்த மனிசன் ரோட்டுல ஸ்டேசன் கட்டிட்டு வந்தீக்கிறாரு. இனி நீங்க பச்சக்கொடி காட்டினாத்தான் நாங்க போற" என்றார்.

வேறு நிலையங்களின் சாரதிமார் ஒரு கையால் தொலைபேசியும் ஒரு கையால் சுக்கானுமாகப் போவார்கள். வாடிக்கையாளர் சிலர் எங்களைத் தாமதம் என்றார்கள். ஐயா அசையவில்லை. நானும் அசையவில்லை. ஒரு வருடமும் சில மாதங்களும், ஒரு வெட்டும் இல்லாத பதிவேடு. மாதக் கடைசியில் ஐயா அதைப் புரட்டும்போது நான் வேண்டுமென்றே வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் இலக்க வேனுக்கு யோகநாதன் அண்ணன் வந்து எட்டு நாட்கள் ஆகியிருந்தன. வடக்கில் லொறி ஓட்டியவர். இடம்பெயர்ந்து, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குண்டசாலையில் ஓர் அறையில் இருந்தார். அமைதியான மனிதர். முறையை அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், திருப்பியும் சொல்லவைத்தேன்.

அன்று பின்னேரம் குண்டசாலையில் ஒரு தம்பதியை ஏற்றிக் கண்டி ரயில் நிலையத்தில் விட வேண்டும். யோகநாதன் அண்ணன் வெறும் வண்டியோடு புறப்பட்டுப் போய்விட்டார். சற்று நேரத்தில் அந்த வீட்டுக்காரர் அழைத்து, வீட்டு ஒழுங்கையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், சந்தியிலுள்ள மருந்துக் கடைக்கு முன்னால் நிற்கிறோம் என்றார். நான் நாலாம் இலக்கத்தை அழைத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். எங்கோ நிற்கிறார் போலும் என்று நினைத்தேன்.

"நாலு?" என்றேன்.

மலைக்குள் சிக்கிய அலைவரிசை, கரகரவென்று இரைச்சல். அதற்குள் ஒரு சொல் வந்தது. "ஓரம்" என்று கட்டத்தில் எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். பிறகு விளக்க ஆரம்பித்தேன்: வீட்டுக்குப் போக வேண்டாம், சந்தி, மருந்துக் கடை, இரண்டு பெட்டி, நிற்பவர் நீலச் சட்டை...

நீலச் சட்டையோடு நின்றுவிட்டது. சிங்களத்தில் ஒரு கத்தல் கேட்டது, நிறுத்தச் சொல்லி. ஒரு மோதல். கண்ணாடி சிதறும் சத்தம். பிறகு பல பூட்ஸ் கால்கள் ஓடி வந்தன. கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று யாரோ சிங்களத்தில் கத்த, யோகநாதன் அண்ணனின் குரல் தூரத்தில் கெஞ்சியது: "மாத்தயா, போன்! போன்!"

அவர் சொன்னது தொலைபேசியை. அவர்கள் குண்டு என்று நினைத்தார்களோ என்னவோ. இணைப்பு அறுந்தது.

"ஆர்?" என்றார் ஐயா, மேசையிலிருந்து எழாமலே.

"நாலு."

"எங்க?"

"தென்னகும்புரப் பாலத்துக் கிட்டயாத்தான் இருக்கணும். செக்பொயின்ட்ல மோதிட்டாரு போல."

ஐயா குடையை எடுத்தார். "பதிவேட்டை எடும். வாரும்."

ரமீஸ் நானா ஓட்டினார். அந்த மனிதர் வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மணல் நிரப்பிய ஒரு பீப்பா சாய்ந்திருந்தது, வேனின் ஒரு விளக்கு உடைந்திருந்தது. அவ்வளவுதான் சேதம். யோகநாதன் அண்ணனுக்கு நெற்றியில் ஒரு சிறு கீறல். ஆனால் வடக்கில் பிறந்த ஒருவர், நிறுத்தச் சொன்ன கையை மதிக்காமல், சோதனைச் சாவடிக்குள் வண்டியை விட்டிருக்கிறார். அந்த வருடங்களில் அதற்கு விளக்கம் சொல்ல மாதக்கணக்கில் உள்ளே இருக்க நேரிடலாம். அது, அவரைக் கொண்டுபோயிருந்த பொலிஸ் நிலையத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். யோகநாதன் அண்ணன் மர வாங்கில் உட்கார்ந்தபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுப்பதிகாரி நடுத்தர வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஐயா ரயில்வேச் சிங்களத்தில், மணிமணியாக, நடந்ததைச் சொன்னார். அதிகாரி என் பதிவேட்டைக் கேட்டார். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் வாசித்து மொழிபெயர்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"தொலைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டியதால் கையைக் காணவில்லை என்கிறான் சாரதி. வண்டி ஓரமாக நின்றிருந்தது என்கிறது உங்கள் பதிவேடு. சாவடிக்கு முன்னால் ஓரம் கட்டி நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு உள்ளே விட்டவனா இவன்? இரண்டில் எது பொய்?"

அழகான கையெழுத்தில் நான் எழுதிய ஒரு சொல், அந்த மனிதரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஓரம்னுதான் சொன்னாரு, ஐயா. நான் எழுதுனா தப்பா எழுத மாட்டேன்."

யோகநாதன் அண்ணன் தலையை நிமிர்த்தினார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"இல்லைத் தங்கச்சி. போன் பொக்கற்றுக்குள்ள இருந்தது, அது என்ர பிழை. மணி அடிக்க, யோசிக்காமல் எடுத்திட்டன். நீங்கள் 'நாலு?' எண்டு கேட்டீங்கள். நான் 'ஓம்' எண்டனான்."

நல்லதம்பி ஐயா என் பக்கம் திரும்பினார்.

"திருப்பிச் சொல்லும், பிள்ளை. நீர் எழுதினதை வேண்டாம். அவர் சொன்னதைச் சொல்லும்."

எங்கள் தோட்டத்தில் யாரும் "ஓம்" சொல்வதில்லை. "ஆமா" என்போம். ஐயா நாள் முழுக்க என் முன்னால் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாலும், அந்தச் சொல்லை ஒரு சாரதியின் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தது "ஓரம்". இரைச்சலுக்குள் நடுவில் ஓர் எழுத்தை என் காதே போட்டு நிரப்பிக்கொண்டது.

"ஓம்," என்றேன். "ஓம்னுதான் சொல்லியிருப்பாரு. எனக்கு ஓரம்னு கேட்டுச்சு. என்னோட பதிவு தப்பு."

அதையே சிங்களத்திலும் அதிகாரியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாதவரை ஐயா குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்றார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பேன். ஐயா ஒரு தொலைபேசியோடு முற்றத்துக்குப் போய் மாமரத்தடியில் நின்றார். அதிகாரி இன்னொன்றைக் காதில் வைத்துக்கொண்டார். ஐயா தான் சொல்லப்போகும் சொற்களை முதலிலேயே ஒரு துண்டில் எழுதிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்திருந்தார். "ஓம். ஓம். ஓரம். ஓம். ஓரம். ஓரம்." ஒரு கிழவர் குடைக்குக் கீழே தனியாக நின்று மந்திரம் ஓதுவதைப் போல ஓதினார். வீதியில் போனவர்கள் நின்று கும்பிடாத குறைதான். அதிகாரி கேட்டதைக் கேட்டபடி எழுதினார். ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் பிழை. கான்ஸ்டபிள்மாரும் ஒவ்வொருவராக வாங்கிக் கேட்டார்கள். தமிழ் தெரிந்தவரும் தோற்றார். நிலையம் முழுக்கச் சிரிப்பு. யோகநாதன் அண்ணன்கூட வாங்கில் இருந்தபடி ஒரு முறை சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று சுற்றிப் பார்த்தார்.

அதிகாரி சிரித்து முடித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் அந்த வண்டியை இரண்டு பேர் ஓட்டியிருக்கிறீர்கள், நங்கி. ஒருவனுக்காவது வீதி தெரிந்தது. உனக்கு அதுவும் தெரியாது."

தங்கையே என்றுதான் அழைத்தார், ஆனாலும் சுட்டது. அம்மா மலையில் சொல்லித் திரிந்தது பொய்யென்று அதுவரை நினைத்திருந்தேன். எங்க புவனா ஏழு வண்டி ஓட்டுது. ஓட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை.

பதிவேட்டை என் முன் திருப்பி வைத்தார்கள். தவறு நேர்ந்தால் சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது, ஒரே ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது ஐயாவின் விதி. கற்றுக்கொண்ட விதிதான், பயன்படுத்தியதில்லை. கோடு இழுத்தேன். "ஓம்" என்று எழுதினேன். கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தும் அழகாகவே விழுந்தது என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

குண்டசாலையில் யோகநாதன் அண்ணன் இருக்கும் அறை, பொலிஸ் பதிவு எல்லாவற்றையும் விசாரித்து உறுதி செய்யும்வரை வைத்திருந்தார்கள். ரமீஸ் நானா பழையபடி வாய் திறந்து, எல்லோருக்கும் பனிஸும் தேநீரும் வாங்கி வந்து, கான்ஸ்டபிள்மாரோடு கிரிக்கெட் பேச ஆரம்பித்தார். பொழுது சாயும் நேரத்தில், கவனயீனமாக வண்டி செலுத்தினார் என்ற வழக்கோடு மட்டும், யோகநாதன் அண்ணனை விட்டார்கள்.

படியிறங்கும்போது அவர் ஐயாவிடம், "அப்ப நான் நாளையில இருந்து வரத் தேவையில்லையோ?" என்று கேட்டார்.

"ஏன், நாளைக்கு என்ன லீவோ? வாரும். போனை இப்பவே என்ர கண்ணுக்கு முன்னால லாச்சிக்குள்ள வையும்."

எனக்கும் அதே பயம். என் கதிரையைப் பற்றி நான் வாய் திறக்கும் முன் ஐயா சொன்னார்: "வெட்டு ஒண்டுமில்லாத பதிவேட்டை நான் ஒருநாளும் முழுசா நம்பினதில்லை, பிள்ளை. இண்டையில இருந்து நம்புறன்."

மறுநாள் காலை ஏழு சாரதிகளும் அலுவலகத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். "ஓரம்" என்ற சொல் போக வேண்டும், வேறு சொல் வேண்டும். "கரை" என்றார் ஒருவர். இரைச்சலில் "சரி" மாதிரிக் கேட்கும் என்றார் இன்னொருவர். "நிப்பாட்டிட்டன்" நீளம் என்றார்கள். சிங்களச் சாரதி சுனில் சொன்ன சொல்லை எங்களில் பாதிப் பேரால் உச்சரிக்க முடியவில்லை. நாங்கள் முயன்றதைக் கேட்டு அவர் கண்ணீர் வரச் சிரித்தார்.

"எந்தச் சொல்லெண்டாலும் ஓடிக்கொண்டே சொல்லலாம்" என்றார் ஐயா. "அதுதான் பிழை. ஓடேக்க சொல்ல ஏலாத ஒரு சொல்லு வேணும்."

"அப்பிடியொரு சொல்லு மனிசன்ட வாயில இல்ல" என்றார் ரமீஸ் நானா. "வண்டியத்தான் பேசச் சொல்லணும். ஹேன்ட் பிரேக்க இழுத்து போன அதுட காதுல வைங்க. அது சொல்லும், கிர்ர்ர்க் எண்டு."

பகிடிக்குச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

"திருப்பிச் சொல்லும்," என்றார்.

ரமீஸ் நானாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டு, "கிர்ர்ர்க்" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் முறை. வண்டி நின்று, எஞ்சின் நின்று, என்னை அழைத்து, தொலைபேசியைக் கைத்தடைக்குப் பக்கத்தில் பிடித்து இழுப்பார்கள். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் என் வாய் திறக்கும். அதற்கு யாழ்ப்பாணமும் இல்லை, அக்குறணையும் இல்லை, புசல்லாவையும் இல்லை. சில மாதங்களில் இலக்கத்தைக் கேட்காமலே சத்தத்தை வைத்து வண்டியைச் சொல்லிவிடுவேன். மூன்று இருமும். ஆறு ஒரே பிடியில் நிற்கும். நாலு, முட்டையிடப் போகும் கோழியைப் போல நீட்டி முழக்கும். பழைய பெருமை போய் எனக்குப் புதுப் பெருமை வந்தது.

முறையை ஐயா எனக்காகவும் தளர்த்தவில்லை. என் திருமணத்தன்று புசல்லாவைக்கு என்னை அழைத்துப் போனது நாலாம் இலக்கம்தான். நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. லாச்சிக்குள் மணி மூன்று முறை அடித்து நின்றது. யோகநாதன் அண்ணன் பட்டியலில் உள்ள இடம் வரும்வரை ஓட்டி, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினார். மாலைப் பெட்டியோடும் கூறைப் பெட்டியோடும் நான் பின்னால். மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கூடையைச் சரித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் கைத்தடையை இழுத்தார். மறுமுனையில், எங்களுக்கு முன்பே திருமண வீட்டுக்குப் போய்விட்ட ஐயா.

"எங்க நிக்கிறியள்? நேரம் போகுது, கெதியா வாங்கோ!"

"நீங்கள் எடுத்தபடியாத்தான் ஐயா நிக்கிறம்" என்றார் யோகநாதன் அண்ணன்.

நேரத்துக்குப் போய்விட்டோம். தாலி கட்டி முடிந்ததும் அம்மா அவரிடம் கேட்டார்: "தம்பி, எங்க புவனா ஓட்டுற ஏழுல இது எத்தனாவது?" அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "நாலாவதம்மா. நல்லா ஓட்டுவா" என்றார்.

நல்லதம்பி ஐயா இன்று இல்லை. யுத்தம் முடிந்ததும் யோகநாதன் அண்ணன் ஊருக்குத் திரும்பி, நெல் வயலும் ஒரு சிறிய கடையுமாக இருக்கிறார். புது வண்டிகளில் கைத்தடை ஒரு பொத்தானாகிவிட்டது என்றும், அழுத்தினால் சத்தமே வராது என்றும் அந்தப் பிள்ளை சொன்னாள். அதற்கு நான் என்ன சொல்வது? சத்தத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள், நிற்பதற்கு வேறு வழி இல்லை என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தைப்பொங்கலுக்கு யோகநாதன் அண்ணன் வழக்கம்போல அழைத்தார். கடையில் கதிரையில் இருந்துதான் பேசுகிறார், கதிரைக்கு ஏது கைத்தடை? ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை, காத்திருந்தேன். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு நாக்கை மடித்து, நீட்டி முழக்கி, கோழியைப் போல ஒரு "கிர்ர்ர்க்".

"நாலு?" என்றேன்.

"ஓம்" என்றார்.

ஓம்தான். தெளிவாகக் கேட்டது.